நூல் போன்ற ஒயர் அறுந்தால் பிரிட்ஜையே மாற்றுவதா?

பிரிட்ஜில் வைத்த பால் திரிந்து போகிறது. மெக்கானிக் வந்து பார்க்கிறார். "போர்டு போய்விட்டது. பல ஆயிரம் ரூபாய் ஆகும். பேசாமல் புது பிரிட்ஜ் வாங்கிவிடுங்கள்" என்கிறார்.

இன்று பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது.

போர்டு உண்மையிலேயே போய்விட்டதா? பல சமயங்களில் இல்லை! பழுது இருப்பது நூல் போன்ற ஒரு மெல்லிய ஒயரில். அல்லது, அந்த ஒயரைப் போர்டுடன் சேர்க்கும் சின்னஞ்சிறு கனெக்டரில். அதைச் சரி செய்யச் சில நூறு ரூபாய் போதும்.

அப்படியானால், ஜனங்கள் ஏன் ஆயிரக்கணக்கில் பணத்தை இழக்கிறார்கள்?

சென்சார் செய்யும் வேலை

பழைய பிரிட்ஜில் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. இன்றைய பல பிரிட்ஜ்களிலும், ஏ.சி.யிலும், துணி துவைக்கும் எந்திரத்திலும் வெப்பத்தை அளக்கும் வேலையைச் சென்சார் செய்கிறது.

சென்சார் மிளகு அளவே உள்ள ஒரு பொருள். அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் போர்டுக்குப் போகும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டுவது போல, வெப்பம் எவ்வளவு என்பதை அது போர்டுக்குச் சொல்லும்.

எப்படிச் சொல்கிறது? மின்சாரத்துக்கு அது காட்டும் தடையின் மூலம். தடையை "ஓம்" என்ற கணக்கில் அளப்பார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வகைச் சென்சார், 25 டிகிரி வெப்பத்தில் 10,000 ஓம் காட்டும். 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் மூன்று மடங்கு காட்டும். அதாவது, குளிர் கூடினால் தடையும் கூடும்.

இங்கேதான் வினை! கனெக்டரில் களிம்பு பிடித்தாலும் தடை கூடும். போர்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "உள்ளே நல்ல குளிர்" என்று நினைத்து, குளிரூட்டும் கம்ப்ரசரை நிறுத்திவிடும். பால் திரிந்துவிடும். போர்டின் மேல் குற்றம் இல்லை. அதற்குக் கிடைத்த செய்திதான் தவறு.

ஒயர் முழுவதும் அறுந்தால், பல எந்திரங்கள் ஓர் எழுத்தையோ எண்ணையோ காட்டி நின்றுவிடும்.

ஒயர் ஏன் கெடுகிறது?

முதல் எதிரி, எலி. துணி துவைக்கும் எந்திரத்தின் அடியில் புகுந்து ஒயர்களைக் கடித்துவிடும். எலிக்கடிக்குப் பெரும்பாலும் கியாரண்டி கிடையாது.

இரண்டாவது எதிரி, ஈரம். ஈரம் பட்டால் செம்பில் பச்சைக் களிம்பு பூக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, அசைவு. துணி துவைக்கும் எந்திரம் ஓடும்போது அதிரும். பிரிட்ஜின் கதவில் விளக்கும் பொத்தானும் இருந்தால், கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒயர் மடங்கி நிமிரும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் அறுந்துவிடும்.

சரியான ரிப்பேர் எது?

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிறகு மீட்டரால் சென்சாரை அளக்க வேண்டும். சென்சார் பக்கத்தில் ஒருமுறை, போர்டில் சேரும் முனையில் ஒருமுறை. சென்சார் பக்கத்தில் கணக்கு சரியாக இருந்து, போர்டு பக்கத்தில் தவறாக இருந்தால், பழுது நடுவில் இருக்கிறது. ஒயரிலோ கனெக்டரிலோதான் அது இருக்கும்.

களிம்பு என்றால் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்தலாம். ஒயர் அறுந்திருந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே மாட்ட வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், ஈரம் உள்ளே போகும். பழைய கதை திரும்பும்.

சென்சாரை மாற்றினால், அதே அளவு ஓம் உள்ளதையே போட வேண்டும்.

இது வீட்டுக்காரர்கள் செய்து பார்க்கும் வேலை அல்ல. பல புதிய பிரிட்ஜ்களில் தீப்பற்றக்கூடிய வாயு இருக்கிறது. வாயு கசியும்போது அருகில் சூடு வைத்தால் ஆபத்து. இன்வெர்ட்டர் ஏ.சி.யின் போர்டில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் மின்சாரம் தங்கும். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே கூடாது. பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

மெக்கானிக் மட்டும்தானா காரணம்?

அறுந்த ஒயரைத் தேட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். போர்டை மாற்றச் சில நிமிஷம் போதும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று காட்டும் படம், வெளி மெக்கானிக்குகளுக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. சின்னக் கனெக்டரைத் தனியாகக் கேட்டால், ஒயர்க் கட்டு முழுவதையும் வாங்கச் சொல்கிறார்கள். சில பிரிட்ஜ்களில் ஒயர் சுவருக்குள் நுரையோடு சேர்ந்து உறைந்திருக்கிறது. அங்கே அறுந்தால் கை எட்டாது.

ஆகவே, பாதிக் கோளாறு எந்திரத்தைத் தயாரிக்கும் முறையிலேயே இருக்கிறது. அதைத் திருத்தச் சட்டம் வேண்டும்.

ஐரோப்பாவும் இந்தியாவும்

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு விதி நடக்கிறது. ஒரு மாடல் பிரிட்ஜின் விற்பனை நின்ற பிறகும், வெப்பச் சென்சாரும் போர்டும் குறைந்தது 7 வருஷம் கிடைக்க வேண்டும். அதே 2021-ல், துணி துவைக்கும் எந்திரம் உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பிரான்ஸ் மார்க் போடத் தொடங்கியது. ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்பதற்கு 10-க்கு இத்தனை மார்க். கடையிலேயே அதைப் பார்த்து வாங்க அது வழி செய்தது.

இந்தியாவில் 2022 ஜூலையில், ரிப்பேர் உரிமை பற்றி ஆராய மத்திய சர்க்கார் ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, ரிப்பேர் விவரங்களைத் தரும் ஒரு இணையதளம் தொடங்கியது. இந்தியாவிலும் மார்க் போடுவது பற்றி 2024 செப்டம்பரில் இன்னொரு குழு அமைக்கப்பட்டது. 2025 மே மாதம் அறிக்கை வந்தது. கைபேசி, எலக்ட்ரானிக் பொருள்கள் பற்றிய அறிக்கை அது.

நல்ல தொடக்கம்தான். ஆனால் இணையதளம் விவரம் சொல்லும். உதிரி பாகத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டளை இடாது. ஐரோப்பாவில் இருப்பது கட்டளை.

இது குடும்பச் செலவு மட்டும் அல்ல. 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் கால் பங்குகூட முறையாகச் சேகரிக்கப்படவில்லை.

பணம் கொடுக்கும் முன்பு

"போர்டு போய்விட்டது" என்று சொன்னால், குடும்பத் தலைவி நான்கு கேள்விகள் கேட்கலாம்:

1. சென்சாரை அளந்தீர்களா? எத்தனை ஓம் காட்டியது?

2. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா?

3. கழற்றிய போர்டைத் தருவீர்களா?

4. ரசீது உண்டா?

தேவையில்லாமல் போர்டை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பிரிட்ஜுக்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் இங்கே ரிப்பேர் மார்க் வந்தால், வாங்குகிறவர்கள் கடையிலேயே கேள்வி கேட்பார்கள். அப்போது கம்பெனிகளும் ஒயரைக் கை எட்டும் இடத்தில் வைக்கத் தொடங்கும்!