நிறுத்துக் கொடுத்த வெள்ளி

தியானப் பகுதி: எரேமியா 32:6-15



பிரசங்க பீடத்தில் நாங்கள் பேசத் தயங்குகிற ஒரு காரியத்தை இந்த வாரம் எழுதுகிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து வளர்த்த ஒரு தொழிலை, அவர்கள் பிரியும் நாளில் எப்படி மதிப்பிட்டுப் பங்கிடுவது என்பதே அது. இதில் போதகருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் நானும் அப்படியே நினைத்தேன். அந்த நினைவினால் ஒரு சகோதரிக்குத் தவறான ஆலோசனை சொன்னேன். ஆகையால் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர்களுக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். பாத்திரக் கடை திருச்சி பெரிய கடை வீதிக்கு அருகில். முதல் சரக்கு அந்தச் சகோதரியின் நகையை அடகு வைத்து வாங்கப்பட்டது. பல ஆண்டுகள் தினமும் காவிரிப் பாலத்தைக் கடந்து வந்து கடையைத் திறந்தவர் அவரே. எந்த ஊர் வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் குடும்பத்தில் எப்போது திருமணம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடையின் உரிமமும் வங்கிக் கணக்கும் மட்டும் கணவர் பெயரில் இருந்தன. பிரிவு உறுதியானபோது கணவர் ஒரு தாளில் சரக்கிருப்பை அடக்க விலைக்கு எழுதி, கடன்களைக் கழித்து, மிச்சம் சொற்பமே என்று காட்டினார். நான் அந்தச் சகோதரியிடம், பூமிக்குரிய காரியத்திற்காகப் போராட வேண்டாம், விட்டுக்கொடுங்கள் என்றேன். அவரும் என் வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தார். சமாதானம் செய்து வைத்தேன் என்ற திருப்தியோடு நான் வீடு திரும்பினேன். இன்று அவர் வேறொருவருடைய கடையில் சம்பளத்திற்குக் கணக்கு எழுதுகிறார்.

பிரியமானவர்களே, இப்போது எரேமியாவைப் பாருங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருக்கிறது. தீர்க்கதரிசியோ காவல்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த வேளையில் ஆனதோத்திலுள்ள உறவினனுடைய நிலத்தை வாங்கும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைக்கிறார், பத்திரம் எழுதுகிறார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பட்டணமே விழப்போகிறது, இனித் தராசு எதற்கு என்று கர்த்தர் சொல்லவில்லை. எல்லாம் இடிந்து விழும் நாளிலும் எடை சரியாக இருக்க வேண்டும், எழுத்து வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதே அவர் சித்தம். இடிந்து விழும் குடும்பத்திற்கும் இது பொருந்தும்.

அப்படியானால் ஒரு கடையின் எடை என்ன? அலமாரியில் இருக்கும் சரக்கு அதில் ஒரு பகுதி மட்டுமே. வெளியிலிருந்து வரவேண்டிய பாக்கி உண்டு. கட்டிடத்திற்குக் கொடுத்த முன்பணம் உண்டு. ஆண்டுதோறும் ஈட்டும் இலாபம் உண்டு. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இங்கேயே வரச்செய்யும் நற்பெயரும் உண்டு. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இந்த நற்பெயரை நிறுவனத்தின் சொத்தாகவே கருதுகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்கு இலாபத்தில் சம பங்கு என்கிறது. கணக்குத் தீர்க்காமலே ஒருவர் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால், விலகியவர் தம் பங்கினால் விளைந்த இலாபத்தையோ ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ கேட்கவும் இடம் தருகிறது.

ஆனால் இவை கூட்டாளி என்று காட்ட முடிந்தவருக்கே உதவும். மணமுறிவின்போது சொத்தைத் தானாகவே இரண்டாகப் பிரிக்கும் பொது விதி நம் தேசத்தில் இல்லை. கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தின்படி நீதிமன்றம் மனைவிக்கு ஜீவனாம்சம் கட்டளையிடலாம். ஜீவனாம்சம் வேறு, உழைத்த பங்கு வேறு. 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். அது மணமுறிவு வழக்கு அல்ல. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தைத் தாங்கினார். அந்த வீட்டு உழைப்பும் சொத்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் என்று கண்டு, அவருக்குச் சம உரிமை உண்டு என்றார் நீதியரசர். வீட்டு வேலைக்கே அந்த எடை உண்டானால், கடையிலும் நின்று உழைத்தவரின் பங்கைச் சொற்பம் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு பாவத்தையும் சொல்லியாக வேண்டும். வரிக்குப் பயந்து பில் போடாமல் விற்று, இலாபத்தைக் குறைத்து எழுதிப் பழகிய கணக்குப் புத்தகம், பிரிவு நாளில் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. உண்மையான வருமானம் இருவருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் இல்லை. நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைக் குறித்து எச்சரிக்கும்போது சந்தைத் தராசை மட்டும் நினைக்கவில்லை என்றே நான் நம்புகிறேன்.

விசுவாசிகள் வழக்காடலாமா என்று சிலர் 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுவார்கள். நானும் காட்டினேன். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்ற பவுலின் கேள்வியோடு நிறுத்திவிட்டேன். அடுத்த வசனத்தில் அநியாயம் செய்கிறவனை அவர் கடிந்துகொள்வதை நான் வாசிக்கவில்லை. நியாயம் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்று அவர் சபையை வெட்கப்படுத்துவதையும் கவனிக்கவில்லை. நம் சபைகளில் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் அழைத்திருக்க வேண்டும்.

இது மணமுறிவுக்கு வழி திறப்பதாகாதா என்ற கேள்வியும் நியாயமானதே. மல்கியா 2-ஆம் அதிகாரம் தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார் என்கிறது. அதே அதிகாரம் இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்வதையும் கண்டிக்கிறது. ஒப்புரவாகுதலுக்காக முழங்காலில் நிற்போம். அது கூடாமற்போன இடத்தில் இரண்டாவது துரோகத்திற்குத் துணைநிற்காதிருப்போம்.

சேர்ந்து தொழில் செய்யும் தம்பதிகளே, அன்பு நிறைந்திருக்கும் இந்நாளிலேயே கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். இருவர் பெயரையும் சேருங்கள். உள்ளதை உள்ளபடி கணக்கில் எழுதுங்கள். பிரிவின் பாதையில் நிற்பவர்களே, இருவரும் ஏற்கும் ஒரு தேதியைக் குறித்து, இருவருக்கும் பொதுவான ஆடிட்டர் ஒருவரிடம் எல்லாப் புத்தகங்களையும் திறந்து வையுங்கள். மதிப்பீட்டின் பிரதி இருவர் கையிலும் இருக்கட்டும்.

அந்தச் சகோதரியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். கடை திரும்பி வரவில்லை.

ஜெபம்: நீதியுள்ள ஆண்டவரே, எங்கள் தராசுகளை நீர் அறிந்திருக்கிறீர். பலவீனருடைய பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி அதைச் சமாதானம் என்று அழைத்த எங்களை மன்னியும். உடைந்த வீடுகளிலும் உண்மையாய் நடக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.