பார்ட்ஸ் நம்முடையது, வேலை மெக்கானிக்குடையது... கேரண்டி யாருடையது?

“அண்ணே, ஆன்லைன்ல பிரேக் பேட் வாங்கிட்டேன். மாட்டிக் குடுத்துடுங்க. லேபர் எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க.”

“மாட்டித் தர்றேன் தம்பி. ஆனா நாளைக்கு சத்தம் வந்தா எங்கிட்ட கேக்கக் கூடாது.”

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ, எந்த மெக்கானிக் ஷெட்டிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. கையில் இருக்கும் போனிலேயே பார்ட்ஸ் விலை தெரிந்துவிடுவதால், ‘நாமே வாங்கிக் கொடுத்துவிடலாமே’ என்று கார் வைத்திருப்பவர்கள் நினைப்பது இயல்பு. அதைக் கேட்டதும் மெக்கானிக்கின் முகம் மாறுவதற்கும் காரணம் இருக்கிறது.

மெக்கானிக் ஏன் தயங்குகிறார்?

பார்ட்ஸில் கிடைக்கும் லாபமும் சேர்ந்துதான் ஷெட் வாடகை, பையன் சம்பளம் எல்லாம். ஆனால் அதைவிடப் பெரிய பயம், வண்டி திரும்பி வருவதுதான்.

உதாரணத்துக்கு, கிளட்ச் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். மாட்டிய பிளேட்டில் குறை இருந்தால், கடைக்காரர் புது பிளேட் கொடுத்துவிடுவார். ஆனால், கியர் பாக்ஸை இரண்டாவது முறை இறக்கி ஏற்றும் கூலியை யார் கொடுப்பது? மெக்கானிக்கே வாங்கிப் போட்ட பார்ட் என்றால், பெரும்பாலும் அவரே ஏற்றுக்கொள்வார். வாடிக்கையாளர் கொண்டுவந்தது என்றால், அங்கேதான் தகராறு ஆரம்பிக்கும். திண்டிவனம் - விழுப்புரம் இடையே வாடகைக்கு ஓடும் கார் என்றால், ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமும் போச்சு.

வாரண்டி போய்விடுமா?

‘வெளியே வேலை பார்த்தால் வாரண்டி கிடையாது’ என்ற பயம் பலருக்கு உண்டு. இந்தப் பிரச்னை 2011-லேயே இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் புகாராகப் போனது. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் தீர்ப்பளித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

அந்த உத்தரவில் சாதாரண மக்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம் என்றது ஆணையம். ஆனாலும், வாரண்டி காலத்தில் இருக்கும் கார் என்றால், கையேட்டில் உள்ள நிபந்தனைகளைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போவதே நல்லது.

எதை வாங்கலாம், எதை விடலாம்?

வைப்பர் பிளேடு, பல்பு, ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், பேட்டரி போன்றவற்றை நாமே வாங்கலாம். தவறானாலும் மாற்றுவது சுலபம். கிளட்ச், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், வீல் பேரிங் போல கூலி அதிகமாகும் வேலைகளில், பார்ட்ஸையும் மெக்கானிக்கிடமே விடுவது நிம்மதி. பிரேக் சம்பந்தப்பட்டதில் போலி கலந்தால் ஆபத்து பணத்தோடு போகாது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் 5 விஷயங்கள்

1. மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். வாங்கிவிட்டுக் கேட்டால்தான் மனஸ்தாபம்.

2. ஒரே மாடல் காரில்கூட வருஷத்துக்கும் வேரியன்ட்டுக்கும் ஏற்ப பார்ட் மாறும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைக் காட்டி பார்ட் நம்பரை உறுதிசெய்ய வேண்டும்.

3. ஜி.எஸ்.டி. பில்லும் அட்டைப்பெட்டியும் பத்திரம். மாட்டிக் கழற்றிய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வது அரிது. அதனால் பழைய பார்ட்டோடு வைத்து ஒப்பிட்ட பிறகே மாட்டச் சொல்ல வேண்டும்.

4. ‘பார்ட் வாடிக்கையாளருடையது’ என்பதையும், இரண்டாவது முறை கழற்ற நேர்ந்தால் கூலி யாருடையது என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

5. பார்ட்ஸ் லாபம் இல்லாததால் லேபரில் கொஞ்சம் கூட்டிக் கேட்டால், அது நியாயம்தான். அதையும் சேர்த்த பிறகு மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

தகராறு வந்தால்?

பொருளில் குறை என்றால் விற்றவரும் தயாரித்தவரும், மாட்டிய விதத்தில் குறை என்றால் ஷெட்காரரும் பதில் சொல்ல வேண்டும். எதில் குறை என்று காட்டுவதற்குத்தான் இரண்டு பில்லும் தேவை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஆனால், ஊர் மெக்கானிக்கோடு வழக்காடி ஜெயிப்பதைவிட, போனில் ‘ஆர்டர்’ பட்டனை அழுத்தும் முன் அவருக்கு ஒரு போன் போடுவது சுலபம். நடுராத்திரியில் விக்கிரவாண்டி பக்கம் வண்டி நின்றால், கூப்பிட வேண்டியது அவரைத்தானே!