ரெயில் பாதை போட்ட பூஞ்சை!

மூளையே இல்லாத ஓர் உயிர், டோக்கியோ நகரத்துக்கு ரெயில் பாதை போட்டுக் காட்டியது. கதை அல்ல, உண்மை!

அதன் பெயர் சளிப் பூஞ்சை. காட்டில் மட்கிய மரத்திலும், ஈரச் சருகிலும் மஞ்சளாகப் படர்ந்து கிடக்கும். (பெயரில்தான் பூஞ்சை, அது வேறு இனம்.) அதற்குக் கண் கிடையாது, நரம்பு கிடையாது. உடம்பு முழுவதும் ஒரே உயிரணு!

ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழக விஞ்ஞானி நகாகாகியும் அவருடைய குழுவினரும் இதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2010-ல் வெளியாயிற்று.

ஒரு தட்டில், டோக்கியோ இருக்க வேண்டிய இடத்தில் பூஞ்சையை வைத்தார்கள். சுற்று வட்டார ஊர்களுக்கு அடையாளமாக 36 இடங்களில் ஓட்ஸ் தானியத் துணுக்குகளை வைத்தார்கள். அந்த உயிருக்கு வெளிச்சம் ஆகாது. ஆகவே மலைக்கும் கடலுக்கும் பதிலாக வெளிச்சம் பாய்ச்சினார்கள்.

பூஞ்சை முதலில் நாலா பக்கமும் பரவியது. பிறகு தேவையற்ற இடங்களிலிருந்து பின்வாங்கியது. சுமார் 26 மணி நேரத்தில், துணுக்குகளை இணைக்கும் குழாய்கள் மட்டும் மிஞ்சின. அந்த அமைப்பு, டோக்கியோ ரெயில் பாதையை ஒத்திருந்தது! எஞ்சினீயர்கள் பல காலம் பாடுபட்டு அமைத்த பாதை அது.

இது எப்படி முடிந்தது? சத்து அதிகம் ஓடும் குழாய் தடிக்கும். குறைவாக ஓடும் குழாய் மெலிந்து மறையும். அவ்வளவுதான்.

ஆனாலும், சில குறுக்குக் குழாய்களை அது விட்டு வைத்தது. ஒன்று அறுந்தால் இன்னொன்று உதவும். கஞ்சனுக்கு இது வீண் செலவாகத் தோன்றும். ஒரு பாதை அடைபட்டு, ஊரே தெருவில் தவிக்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும். நாளைய நகரங்களுக்குப் பாதை போடுகிறவர்கள் இந்தக் குறுக்குப் பாதைகளைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

பூஞ்சையின் முறையை விஞ்ஞானிகள் கணக்காக எழுதிவிட்டார்கள். கம்ப்யூட்டர் அதைப் போட்டுப் பார்க்கும். நல்லதுதான். ஆனால் பூஞ்சைக்கு இரக்கம் தெரியாது. மெலிந்ததை அது கைவிட்டுவிடும்.

அதே ஹொக்கைடோ தீவில் யூபரி என்ற ஊர் இருக்கிறது. நிலக்கரி ஊர். 1960-ல் லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். சுரங்கங்கள் மூடப்பட்டன; மக்கள் வெளியேறினார்கள். இப்போது பத்தாயிரம் பேர்கூட இல்லை. ஊருக்குள் சென்ற கிளை ரெயிலும் 2019-ல் நின்றது.

ஆள் ஏறாத ரெயிலை ஓட்டு என்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஏறுகிற அந்தச் சிலர் யார்? ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவியா, பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? பாதையை மூடுமுன் அதிகாரிகள் நேரில் போய் விசாரிக்க வேண்டும். யூபரியில் ரெயிலுக்குப் பதில் பஸ் விட்டார்கள்.