'பொருள் மாறாமல் மாற்றி எழுதுக': மாத்திரைச் சீட்டுக்கு இது பொருந்துமா?

1/ பள்ளிக்கூட இங்கிலீஷ் பரீட்சையில் இந்தக் கேள்வியைப் பார்க்காதவங்க இருக்க மாட்டாங்க: "பொருள் மாறாமல் வாக்கியத்தை மாற்றி எழுதுக." மாற்றி எழுதி மார்க்கும் வாங்கியிருப்போம். அந்தக் கேள்வி நமக்கு ஒரு தப்பான பாடத்தையும் கத்துக்கொடுத்திருக்கு. அதைப் பத்தித்தான் இந்த இழை.

2/ இலக்கணப்படி பொருள் ஒண்ணுன்னா, படிக்கிறவருக்கும் அது ஒண்ணுதான் என்பதே அந்தப் பாடம். டாக்டர்களான நாங்களும் இதை நம்பித்தான் சீட்டு எழுதுறோம்.

3/ மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம்.

4/ என்னிடம் ஒரு அம்மா வாயெல்லாம் புண்ணோடு வந்தாங்க. சீட்டில் நான் எழுதியிருந்தது "ஒன்ஸ் வீக்லி". வீட்டில் படிச்சுச் சொன்னவர் கண்ணில் பட்டது "ஒன்ஸ்" மட்டும். தினம் ஒண்ணு சாப்பிட்டிருக்காங்க. நல்லவேளை, சீக்கிரம் வந்ததால் பிழைச்சாங்க. தப்பு அவங்களுது இல்லை, என்னுது.

5/ இப்போ நான் எழுதுறது: "ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் தொடக்கூடாது." பரீட்சையில் இரண்டுக்கும் பொருள் ஒண்ணுதான். அந்த அம்மாவுக்கு? பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் 2020-ல் இதைத்தான் சொன்னது: நோயாளியோடு பேசி கிழமையை முடிவு பண்ணி, சீட்டில் முழுசா எழுதுங்க.

6/ "இங்கிலீஷ் தெரியாதவங்களுக்குத்தானே இந்தப் பிரச்சினை?" இல்லைங்க. 2006-ல் அமெரிக்காவில், இங்கிலீஷ் பேசும் 395 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. "இரண்டு மாத்திரை, தினம் இரண்டு முறை" என்ற லேபிளை, எழுத்தறிவு குறைந்தவர்களில் சுமார் 71% பேர் சரியாகச் சொன்னாங்க. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எடுத்துக் காட்டச் சொன்னதும், சரியாகக் காட்டியவங்க சுமார் 35% பேர்தான்!

7/ திரும்ப யோசிங்க. வாக்கியத்தைச் சரியாக ஒப்பிச்சவங்களில் பாதிப் பேருக்கு நாலு மாத்திரை என்று எடுக்கத் தெரியலை. பின்னால் வந்த 2009 ஆய்வில், "தினம் இரண்டு முறை" என்பதைவிட "காலையில், மாலையில்" என்று நேரம் சொன்ன லேபிள்கள் நன்றாகவே புரிந்தன. மருந்து அதேதான், அளவும் அதேதான். வாக்கியம்தான் வேற.

8/ "ஓ.பி.யில் இவ்வளவு கூட்டம், இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" என்று சக டாக்டர்கள் கேட்கலாம். கூட்டம் உண்மை. கிழமை பெயரை எழுத அஞ்சு செகண்ட் ஆகும். அதை எழுதாததால் வரும் நோயாளியைக் காப்பாத்த எத்தனை நாள் ஆகும்?

9/ ஆகவே, வாக்கியத்தை மாற்றி எழுதுவது இங்கிலீஷ் வாத்தியார் வேலை மட்டுமில்லை, எங்க வேலையும்தான். பொருள் மாறலையா என்பதற்கு என்னிடம் ஒரே பரீட்சைதான்: "நான் சொன்னதை நீங்க சொல்லுங்கம்மா, மாத்திரையை எடுத்துக் காட்டுங்க." காட்டினால் பாஸ். காட்டலைன்னா, ஃபெயில் ஆனது நான்.

10/ மக்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டு புரியலைன்னா தலையாட்டிட்டு எழுந்து வராதீங்க. "டாக்டர், எந்தக் கிழமை? காலையா, ராத்திரியா? எத்தனை?" என்று கேளுங்க. எரிஞ்சு விழுந்தாலும் கேளுங்க. விழுங்கப்போறது நீங்கதான்.