'நைஸ்' என்ற சொல்லும் நமது பிள்ளைகளின் இங்கிலீசும்



"மா நல்ல நைசா அரைபட்டிருக்கு." "ஆள் நைசா மாறிட்டான்." "நைசாக் கதைச்சுக் காரியத்த முடிச்சிட்டா." ஒரே சொல்லை நாம் எத்தனை விதமாகப் பாவிக்கிறோம்! வகுப்பிலோ அதற்கு 'நல்ல', 'இனிய' என்றுதான் நாங்கள் கருத்துச் சொல்லிக் கொடுக்கிறோம்.

அந்தச் சொல்லின் மூலக் கருத்து 'அறியாத' என்பதுதான். இலத்தீனில் அது 'நெஸ்கியுஸ்'. 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரெ' என்றால் அறிதல். 'சயன்ஸ்' என்ற சொல்லும் இதே 'அறிதல்' வேரில் வந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டளவில் இங்கிலீசுக்குள் வந்தபோது, ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று அர்த்தம். பிறகு எதிலும் குறை பிடிக்கிற, நுணுக்கமான என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'நல்ல' என்ற கருத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போதும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1817 கடைசியில் வெளிவந்த ஜேன் ஒஸ்டினின் 'நோர்தாங்கர் அபே' நாவலில், எதற்கெடுத்தாலும் நைஸ் என்று சொல்வதை ஒரு பாத்திரம் கேலி செய்கிறது. கேலியையும் தாண்டி அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

இதை ஏன் எழுதுகிறோம் என்றால், நமது பிள்ளைகள் அந்தக் கேலியைத் தாண்டுவதில்லை.

வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் இந்தப் புளியந்தீவில் பள்ளிக்கூடம் தொடங்கினார். இங்கே இங்கிலீஸ் படிப்பிக்கத் தொடங்கி 200 வருடங்கள் தாண்டிவிட்டன. இன்றும் எழுத்தில் புள்ளி எடுக்கிற பிள்ளை, எழும்பி ஒரு வசனம் சொல்லச் சொன்னால் தலையைக் குனிகிறது. ஆசிரியர் பற்றாக்குறை, வசதிக் குறைவு என்று காரணங்கள் பல இருக்கலாம். அவற்றை உடனே தீர்க்க நம்மால் முடியாது. ஆனால் பிள்ளை பிழை விட்டதும் எழும்பும் சிரிப்பை இன்றைக்கே நிறுத்தலாம். அது வகுப்பில் மட்டும் கேட்பதில்லை. வீட்டிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறது.

பறங்கியர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய 'கதேய்ரா'வை நாம் கதிரை ஆக்கினோம். 'மேசா'வை மேசை ஆக்கினோம். பாணும் அவர்கள் தந்த சொல்தான். சரியான உச்சரிப்பு வரட்டும் என்று நமது மூத்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இந்தச் சொற்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

பிழையைத் திருத்தத்தான் வேண்டும், பரீட்சையில் அதற்குப் புள்ளி போகும். ஆனால் முதலில் பிள்ளை சொல்லி முடிக்கட்டும். பிறகு சரியான வசனத்தை ஒருதரம் சொல்லிக் காட்டுவோம். "தெரியாது டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த இடத்திலிருந்து படிப்பிக்கத் தொடங்குவோம்.

'அறியாத' என்று தொடங்கிய சொல் 'நல்ல' ஆவதற்கு இங்கிலீசுக்குள்ளேயே 400 வருடங்களுக்கு மேல் எடுத்தது. நமது பிள்ளைக்கு ஒரு தவணையாவது பொறுமையாக இருப்போமே.