சரிகையை உரசிப் பார்க்கும் ஊர் லேப்டாப் வாங்கக் கண்ணை மூடலாமா?

கண்ணமங்கலம்,

தறி ஓடும் வீட்டில் இப்போது லேப்டாப்பும் வேண்டியிருக்கிறது.

கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அதில்தான் படிப்பு. சேலைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப அப்பாவுக்கும் அதுதான். பில் போட, கூலிக் கணக்குப் பார்க்க, டிசைன் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதே ஒன்று. வீட்டுக்கு இரண்டு வாங்க யாரால் முடியும்? பாவு அறுத்து, கூலி வாங்கி, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு ஆயிற்றே!

ஆனால் நடப்பது என்ன?

வேலூருக்கு பஸ் ஏறுகிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி இதுதான்:

"அண்ணே, கம்மி விலையில இன்னா இருக்குது?"

"இது 18 ஆயிரம்தாண்ணே. புத்தம் புதுசு. பை இலவசம், மவுசும் இலவசம்."

பேரம் முடிந்தது. பணத்தைக் கட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராத்திரி பஸ்சில் ஊர் திரும்புகிறார்கள்.

பட்டு வாங்கும்போது இப்படியா செய்வார்கள்? சரிகையை உரசிப் பார்ப்பார்கள். ஒரு இழையைப் பிரித்து எரித்து முகர்ந்து பார்ப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்து, கெட்டி நெசவா, லேசா என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவே இருக்கும் இந்த ஊர்க்காரர்களைப் பட்டில் ஏமாற்ற முடியாது. லேப்டாப்பில் மட்டும் பை இலவசம் என்றதும் மயங்கிவிடுகிறார்கள்!

2011 சொன்ன பாடம்

விலை குறைவு என்பதற்காகவே ஒரு பொருளை வாங்கினால் என்ன ஆகும்? 2011-ம் ஆண்டில் நடந்த இரண்டு சம்பவங்கள் அதைக் காட்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி, அண்ணா பிறந்த நாளில், முதல்-மந்திரியாக இருந்த ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். மூன்றே வாரம் கழித்து அக்டோபர் 5-ந்தேதி டெல்லியில் மத்திய மந்திரி கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற கைக் கம்ப்யூட்டரை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவு என்று அமர்க்களப்பட்டது. விலை சுமார் 2 ஆயிரத்து 250 ரூபாய்!

ஆகாஷுக்கு என்ன ஆயிற்று? அதன் மெமரி 256 எம்.பி.தான். விரலால் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். பேட்டரி சீக்கிரமே காலியாயிற்று. மாணவர்கள் வெறுத்துப்போய் மூலையில் வைத்தார்கள். தமிழ்நாடு கொடுத்ததோ கடையில் விற்கும் சாதாரண லேப்டாப் வகை. ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் வேலை செய்தது! அதில் படித்து வேலைக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

நடுவில் நின்றுபோன அந்தத் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு என்று மீண்டும் வந்தது. 2026 ஜனவரி 5-ந்தேதி சென்னையில் வினியோகம் தொடங்கியது. அந்த லேப்டாப்பில் இருப்பது 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.

இதைக் கண்ணமங்கலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்த அரசாங்கமே 8-க்குக் கீழே இறங்கவில்லை. சொந்தக் காசு கொடுத்து வாங்கும் நெசவாளி ஏன் 4-க்கு இறங்க வேண்டும்?

(பிள்ளைக்கு அந்த லேப்டாப் கிடைத்துவிட்ட வீட்டில் இன்னொன்று வாங்க அவசரப்பட வேண்டாம். வீட்டு வேலைக்கும் அதுவே தாராளம்.)

4 ஜி.பி. ஏன் ஆகாது?

ராம் என்பது வேலை செய்யும் மேசை. எஸ்.எஸ்.டி. என்பது பீரோ. மேசை சின்னதாக இருந்தால் பீரோ எத்தனை பெரிதாக இருந்து என்ன பயன்? 4 ஜி.பி. லேப்டாப்பில் விண்டோஸ் 11 உட்கார்ந்ததுமே பாதி மேசைக்கு மேல் போய்விடும். பெண் ஆன்லைன் வகுப்பைத் திறந்து, பக்கத்தில் ஒரு பாடத்தையும் திறந்தால் மிஷின் ஆமை போல நகரும். பில் போடும்போது சுற்றிக்கொண்டே இருக்கும்.

18 ஆயிரம், 20 ஆயிரத்துக்குப் புதுசாக வருவதில் பெரும்பாலும் 4 ஜி.பி.தான். சிலவற்றில் எஸ்.எஸ்.டி.யும் கிடையாது. 'இ.எம்.எம்.சி.' என்று ஒன்று போட்டு, 64 ஜி.பி. என்பார்கள். விண்டோஸ் ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே அதில் இடம் பத்தாது.

"அப்புறமா ராம் ஏத்திக்கலாம்ண்ணே" என்று கடையில் சொல்வார்கள். பல மாடல்களில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஏற்ற முடியாது. ஏற்ற முடிந்தாலும் இப்போது விலை என்ன தெரியுமா? 2025 கடைசியில் மெமரி சிப்பு விலை எகிறியது. உலகத்தின் பெரும்பகுதி மெமரியைச் செய்வது சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற 3 கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதக் கம்ப்யூட்டர்கள் அதை மொத்தமாக அள்ளின. அந்தச் சுமை கண்ணமங்கலம் நெசவாளி தலையிலும் வந்து விழுந்தது.

பழசு மோசமா?

புதுசில் 8 ஜி.பி. வாங்கக் காசு பத்தாதவர்கள் என்ன செய்வது?

பழசு வாங்கலாம். தவறே இல்லை. பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த டெல் லேட்டிட்யூட், லெனோவா திங்க்பேட் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை அலுவலகத்துக்கு என்று கெட்டியாகச் செய்யப்பட்டவை. மலிவாக வரும் புதுசைவிட இது மேல்.

ஆனால் இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு 14-10-2025 அன்றோடு முடிந்தது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய மிஷினிலும் முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு முந்தியதை எல்லாம் தள்ளிவிட வியாபாரிகள் துடிக்கிறார்கள்.

"ஐ5 சார், பவர்புல் மிஷின்" என்பார்கள். ஐ5 என்பது ஒன்றும் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 7300 என்று 7-ல் தொடங்கினால் 7-வது தலைமுறை. 8350 என்று 8-ல் தொடங்கினால் 8-வது. திங்க்பேட் டி470-ம் டி480-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெரும்பாலும் முன்னதில் விண்டோஸ் 11 ஏறாது, பின்னதில் ஏறும். விலையில் பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டார்கள்!

லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குப் பழைய மிஷினும் உழைக்கும். சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசம், தமிழும் உண்டு. ஆனால் டேலியில் கணக்கு எழுதும் வீட்டுக்கு அது சரிப்படாது.

பழசு வாங்குகிறவர் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ஒரு வீடியோவை ஓடவிட்டு, அரை மணி நேரம் கடையிலேயே உட்கார வேண்டும். பேட்டரியின் யோக்கியதை தெரிந்துவிடும். பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தரச் சொல்ல வேண்டும். தர மறுத்தால் எழுந்து வந்துவிட வேண்டும். திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு யார் அலைவது?

வட்டி இல்லாத தவணையா?

'ஜீரோ வட்டி' போர்டைப் பார்த்தும் ஏமாறுகிறார்கள். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. கட்டணம் என்ற பெயரிலோ, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை மறைத்தோ வட்டி உள்ளே வந்துவிடும். "ரொக்கமா குடுத்தா எவ்ளோ?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குட்டு வெளிப்படும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் தங்கள் நம்பர் போட்ட பில்லாகக் கேட்டு வாங்க வேண்டும். தொழிலுக்கு என்று வாங்கினால் லேப்டாப்புக்குக் கட்டும் 18 சதவீத வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கேட்காமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

நிறம் மாறும் திரை

நெசவு வீட்டுக்கு என்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

கம்ப்யூட்டர் இந்த ஊருக்கு அன்னியச் சரக்கு அல்ல. தறி மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டை ஓடுகிறதே, அதுதான் கம்ப்யூட்டருக்குப் பாட்டன்! பிரான்சில் ஜக்கார்டு 1804-ல் செய்து காட்டியது: ஓட்டை இருந்தால் ஊசி போகும், இல்லாவிட்டால் நிற்கும். 1890-ல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கை எண்ண ஹாலரித் செய்த எந்திரமும் ஓட்டை போட்ட அட்டையில்தான் ஓடியது. பாட்டனோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் பேரனிடம் பயப்படலாமா?

விஷயத்துக்கு வருவோம். மலிவு லேப்டாப் பலவற்றில் 'டி.என்.' என்ற வகைத் திரை இருக்கும். நேரே பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் வேறு நிறம். அரக்கு மெரூனாகத் தெரியும். மயில்கழுத்து வெறும் பச்சையாகிவிடும். அந்தத் திரையை நம்பிப் படத்தைத் திருத்தி அனுப்பினால், "படத்துல பார்த்த கலர் இல்லீங்களே" என்று சேலை திரும்பி வரும். கூரியர் காசும் போச்சு, வாடிக்கையாளரும் போனார். 'ஐ.பி.எஸ்.' திரை, 1920-க்கு 1080 புள்ளி என்று கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலானாலும் அங்கே கணக்குப் பார்க்கக் கூடாது.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வேலூருக்கு பஸ் ஏறும்போது வீட்டிலிருந்து அரக்குப் பட்டு ஒன்றை மடித்து எடுத்துப் போகலாம். கடையில் வெளிச்சமான இடத்தில் விரித்து, போனில் ஒரு படம் எடுத்து, வாங்கப்போகும் லேப்டாப் திரையில் போடச் சொல்ல வேண்டும். சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்க்கட்டும். பக்கத்து மாடலிலும் அதே படத்தைப் போட்டுப் பார்க்கட்டும். கடைக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.