தாய் மீனின் எடை

கதையும் கவிதையுமாகப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு மீன்வளக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பிழையான கணக்கு ஒரு கரையின் வாழ்வையே அழித்துவிடக்கூடும் என்பதே நம் பதில்.

1992 ஜூலை 2 அன்று கனடா அரசு, நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடிக்கத் தடை விதித்தது. நம் வீடுகளில் ஈரல் எண்ணெயாக மட்டுமே அறிமுகமான அந்த மீனை நம்பி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்த கரை அது. சுமார் முப்பதாயிரம் பேர் வேலை இழந்தனர். அளவு மீறிய பிடிப்பே முதற்காரணம். ஆனால் கடலில் இருந்ததைவிட அதிகமாக மீன் இருப்பதாகச் சொன்ன மதிப்பீடுகளும் அதற்குத் துணைபோயின.

அந்தக் கரையின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. மீன்வள மதிப்பீட்டில் நெடுங்காலமாகப் பயன்படும் அளவுகோல், முட்டையிடும் வயதை எட்டிய மீன்களின் மொத்த எடை. எடை எவ்வளவோ அந்த விகிதத்தில் முட்டைகள் என்பது அதன் உள்ளுறை நம்பிக்கை. அதன்படி இரண்டு கிலோ பெண் மீன்கள் பதினைந்தும், முப்பது கிலோ பெண் மீன் ஒன்றும் சமம்.

உயிரியல் அப்படிச் சொல்லவில்லை. டியேகோ பார்னெச்சேயும் சக ஆய்வாளர்களும் 342 கடல்மீன் இனங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, முப்பது கிலோ காட் மீன் ஒன்று இடும் முட்டைகளுக்கு ஈடுசெய்ய இரண்டு கிலோ மீன்கள் 28 வேண்டும். முட்டைகளில் அடங்கிய ஆற்றலையும் சேர்த்தால் 37 வேண்டும். முதன்முறை முட்டையிடும் இளம் மீனின் முட்டைகள் பொரிப்பதும் குறைவு. மூத்த தாயோ நீண்ட பருவத்தில் பல தவணைகளாக முட்டையிட்டு, ஒரு தவணை தவறினாலும் மற்றொன்று பிழைக்க வழிசெய்கிறது.

வலை முதலில் வாரிச் செல்வது பெரிய மீன்களைத்தான். நியூஃபவுண்ட்லாந்தில் ஆறு வயதையொட்டி முதிர்ந்துவந்த பெண் மீன்கள் ஐந்து வயதையொட்டியே முதிரத் தொடங்கின. சிறிய உடலோடு தாயாகிவிடும் மீனும் எடைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தொகை குறையாமல் தோன்ற, அதன் இனப்பெருக்க வலிமை உள்ளுக்குள் தேய்ந்துபோகிறது.

நம் சந்தை மீன்களும் இதற்கு விலக்கல்ல. கொடுவா ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாக மாறுகிறது. களவா இனங்கள் பல பெண்ணாகத் தொடங்கி ஆணாகின்றன. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் முன்னதில் தாய்களும் பின்னதில் தந்தைகளும் அருகிப்போவார்கள். எடையை மட்டும் கூட்டும் அட்டவணையில் இந்த வேறுபாடு தெரியாது.

முட்டைகள் பெருகினாலே மீன் பெருகிவிடாது. குஞ்சு பிழைப்பதைக் கடலின் நிலையும் இரையுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது நியாயமான மறுப்பு. காட் மீளத் தாமதித்ததில் கேப்லின் எனும் இரைமீனின் வீழ்ச்சிக்கும் பங்குண்டு. சினைப்பைகளைச் சேகரித்து நுண்ணோக்கியில் ஆராய்வது செலவு மிகுந்தது என்பதும் உண்மை. ஆயினும் கடல் எந்த ஆண்டு கருணை காட்டும் என்று தெரியாத நிலையில்தான் மூத்த தாய்கள் இன்றியமையாதவர்களாகிறார்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சிங்கி இறாலைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். முட்டை சுமக்கும் பெண் இறாலின் வாலில் மீனவர்களே அடையாள வெட்டிட்டு விடுவிக்கிறார்கள். தமிழகத்தில் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஒரு பருவத்தைக் காக்கிறது. மற்ற பத்து மாதங்களில் மூத்த தாயைக் காக்க அதனால் இயலாது. சிறு மீனைக் காக்கும் சட்டத்தோடு பெரு மீனைக் காக்கும் சட்டமும் வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அதை மதிப்பிடுவோரும் எடையைக் கூட்டுவதோடு நில்லாமல் வயதையும் பாலினத்தையும் முட்டைகளையும் எண்ண வேண்டும்.

2024 ஜூனில் கனடா தன் தடையை விலக்கி 18,000 டன் பிடிக்க அனுமதித்தது. இடையில் கழிந்தவை 32 ஆண்டுகள். மீன்கடையில் சினை நிறைந்த பெரிய மீனைத் தேர்ந்து வாங்கிப் பெருமைப்படும் நாமும் அந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.